ஞாயிற்றுக்கிழமைக்காரியின் பங்கு

விருதுநகர்
5.2.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பாண்டிலட்சுமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் இசைவாணியும் நலம். புதுப்பட்டியில் நீங்களும் மகன் விக்னேஷ்குமாரும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

என் குரல் உங்கள் காதில் விழக்கூடாது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள். அதனால்தான் போன் செய்யவில்லை. எழுத்துக்கு அந்தச் சத்தியம் பொருந்தாது என்று நினைக்கிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இசைவாணி அப்பா இங்கே மயங்கி விழுந்துவிட்டார். மதுரையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஹைதராபாத்துக்கு ஆர்டர் பிடிக்கப் போயிருப்பதாக உங்களிடம் சொன்னது பொய். இருதயத்தில் அடைப்பு என்றார்கள். இப்போது மாத்திரையில் நடமாடுகிறார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘மனைவி’ என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவசரத்தில் போட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

அக்கா, அவருக்கு அறுபத்துமூன்று வயது ஆகிறது. ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்கவில்லை. ஐந்து ஏக்கர் நிலம், அதில் இருக்கிற வெடிக் கம்பெனி, அதன் லைசன்ஸ், உங்கள் வீடு, நான் இருக்கிற வீடு எல்லாமே அவர் பெயரில். வக்கீலிடம் போய்க் கேட்டேன். எழுதாமல் போய்விட்டால் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் பங்கு உண்டாம். எனக்கு ஒன்றும் இல்லையாம். நீங்கள் இருக்கும்போது என்னைக் கட்டியது சட்டத்துக்குக் கல்யாணமே இல்லையாம்.

நான் உயில் என்று வாயெடுத்தால், “வெளக்கு வைக்கிற நேரத்துல அபசகுனமாப் பேசாத” என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். கொஞ்சம் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
இசைவாணி அம்மா

~

எம். புதுப்பட்டி
16.2.2024

பாண்டிலட்சுமிக்கு,

நலம். நீயும் நலமா என்று கேட்பது கடிதத்துக்கு முறை. அதனால் கேட்கிறேன், வேறு அக்கறை இல்லை.

‘இசைவாணி அப்பா’ என்று எழுதியிருக்கிறாய். அவர் விக்னேஷ் அப்பாவாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு எழுதும்போது அந்தப் பெயரை எழுதாதே.

மூன்று நாளும் ஹைதராபாத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. “சாப்ட்டியா சண்முகம், இங்கன ஒரே குளிரு” என்றார். நானும் மப்ளர் எடுத்துப் போனீர்களா என்று கேட்டேன், வெட்கம் கெட்டவள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருப்பாய். அவருக்குக் கஞ்சி ஊட்டியது யார்? விழுந்தபோது சட்டையைக் கழற்றியது யார்? எதையும் விடாமல் எழுது. நீ எழுதாவிட்டால் நானாக நினைத்துக்கொள்வது இன்னும் மோசமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நீ போட்ட கையெழுத்தைப் பற்றிப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நெஞ்சு அடைத்த செய்தியைவிட அதுதான் எனக்கு வலித்தது. இப்படி ஒரு பொம்பளையா என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

உயில் எழுதச் சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. லைசன்ஸ் உள்ளவர் திடீரென்று போய்விட்டால் மறுநாளே கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். அறுபது பேர் வேலை செய்கிறார்கள், சீசன் வருகிறது. அதற்கு அவர், “அம்புட்டு அவசரமா ஒங்க ரெண்டு பேருக்கும்?” என்று கேட்டார். உன்னையும் என்னையும் ஒரே வாயில் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
சண்முகத்தாய்

~

விருதுநகர்
24.2.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அவர்தான் சொன்னார்.

கேட்டதற்குப் பதில். கஞ்சி ஊட்டியது நர்ஸ். என் கையால் வாங்க அவருக்கு வெட்கம். சட்டையை யாரும் கழற்றவில்லை, ஆம்புலன்சில் கத்தரித்துவிட்டார்கள். உங்களுக்குப் போன் செய்யும்போதெல்லாம் என்னை வராந்தாவுக்குப் போகச் சொல்வார். நான் சிரிக்கவில்லை அக்கா. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் கதவுக்கு வெளியே நின்றேன். சாகக் கிடக்கிறபோதும் அந்த அம்மாவிடம் பேச என்னை வெளியே அனுப்புகிறாரே என்று எனக்கும் வயிறு எரிந்தது.

நீங்கள் சொன்னதும் பத்திர எழுத்தரிடம் போயிருக்கிறார். நகல் இத்துடன் இருக்கிறது. அவரவர் இருக்கிற வீடு அவரவருக்கு. நிலத்துக்கு நடுவே வடக்கு தெற்காக ஒரு கோடு. கிழக்குப் பாதி விக்னேஷ்குமாருக்கு, மேற்குப் பாதி இசைவாணிக்கு. வேலைக் கொட்டகைகளும் அந்தந்தப் பாதியோடு சேர்ந்தவை. “ஆளுக்குப் பாதி, யாரும் யாரையும் ஏசக்கூடாது” என்றார். படித்துப் பார்த்துச் சம்மதம் எழுதுங்கள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்ததும் பதிவு செய்யலாம் என்கிறார்.

வணக்கத்துடன்,
பாண்டிலட்சுமி

~

எம். புதுப்பட்டி
5.3.2024

பாண்டிலட்சுமிக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் போடுகிறேன். என் முழங்காலைப் பற்றி உன் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாரா? என் உடம்பில் வேறு எதைப் பற்றி எல்லாம் பேசியிருக்கிறார்?

நகலைப் படித்தேன். ‘எனது முதல் மனைவி சண்முகத்தாய், எனது இரண்டாம் மனைவி பாண்டிலட்சுமி’ என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காவலன் மனைவி என்று ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் ஒருத்திதான் இருக்கிறாள். பதிவுக் காகிதத்தில் இரண்டு பேர் ஏறினால் நாளைக்கு நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பது? சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டுக் கிளம்புவார், திங்கள் காலையில் வருவார். நீ ஞாயிற்றுக்கிழமைக்காரி. அதற்குமேல் உனக்குப் பெயர் வேண்டாம். வீட்டை எடுத்துக்கொள். உன் பெயர், உன் அப்பா பெயர், கதவு எண் போதும். அந்தச் சொல் இருந்தால் என் சம்மதம் கிடையாது.

நிலத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் போட்ட கோடு அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சண்முகத்தாய்

~

விருதுநகர்
14.3.2024

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே நலம் அறிய ஆவல்.

அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடச் சொல்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் யார் கல்யாணத்துக்கும் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இசைவாணியைச் சேர்க்கும்போதுகூட அவர் வெளியே காரில் இருந்தார். எங்கேயாவது ஒரு இடத்தில், அவர் கையெழுத்துள்ள ஒரே ஒரு காகிதத்தில் அந்தச் சொல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் ஊரறிந்த மனைவி. ஒரு சொல்லில் பங்கு கொடுத்தால் உங்களுக்கு எது குறைந்துவிடும்?

இன்னொன்று எனக்குப் புரியவில்லை. ஒரு சொல்லுக்கு இம்புட்டுச் சண்டை போடுகிற நீங்கள், இரண்டரை ஏக்கரை மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டீர்கள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் தூக்கம் வரவில்லை.

வணக்கத்துடன்,
பாண்டிலட்சுமி

~

விருதுநகர்
12.4.2024

அக்காவுக்கு,

என் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. பொங்கல் முடிந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன செவ்வாய்க்கிழமை இசைவாணி அவரோடு கம்பெனிக்கு வந்தாள். கல்லூரியில் வேதியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், தன் பாதியைப் பார்க்க ஆசைப்பட்டாள். நீங்கள் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்றீர்கள் என்று சொன்னாள்.

அங்கே சுவரில் மாட்டியிருக்கும் லைசன்ஸ் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒன்று சொன்னாள். மருந்து கலக்கும் அறையைச் சுற்றி இத்தனை மீட்டர் வெற்றிடம் கம்பெனிக்குள்ளேயே இருந்தால்தான் லைசன்ஸாம். நடுவில் கோடு போட்டால் அந்த வெற்றிடம் இரண்டாக வெட்டுப்படுமாம். பிறகு கிழக்கிலும் கம்பெனி கிடையாது, மேற்கிலும் கிடையாது. “அம்மா, சரிபாதியாப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் சரியா ஒண்ணுமே வராது” என்றாள்.

இவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆர்டர், லோடு என்று வெளியே அலைகிறவர். பத்திர எழுத்தருக்கும் தெரிய வழி இல்லை. முப்பது வருஷமாகக் கம்பெனியை உள்ளே இருந்து நடத்துகிறது நீங்கள். உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

பாண்டிலட்சுமி

~

எம். புதுப்பட்டி
2.5.2024

பாண்டிலட்சுமிக்கு,

உடம்பு நலம். மனசு நலம் இல்லை.

தெரியும். நீ அனுப்பிய நகலைப் படித்த நிமிஷமே தெரியும். லைசன்ஸ் கொடுக்க வந்த அதிகாரிக்கு டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்தது நான். என் கழுத்துச் சங்கிலியும் நாலு வளையலும்தான் அந்த நிலம். எந்த அறைக்கும் மருந்து உலர்த்துகிற எந்த மேடைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர் போன மறுநாள் இரண்டு பாதியிலும் கம்பு விதைக்கலாம், அவ்வளவுதான். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு சம்மதம் எழுதினேன்.

என் மகன் பாதியும் போகுமே என்று கேட்பாய். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்பார்கள். அந்த மூக்கறுந்தவள் யாராவது நிஜமாக இருப்பாளா என்று சின்ன வயசில் யோசித்திருக்கிறேன். நான்தான் அது.

எனக்கு உன் மேல் பொறாமை. எழுதிவிட்டேன். இங்கே மருந்து வாடையோடு வந்து, கால் கழுவாமல் உட்கார்ந்து சாப்பிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, நான் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன்னிடம் வருவார். ஆயிரம் சட்டையாவது தேய்த்திருப்பேன். ஒருநாள் கருக்கிவிடலாம் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி, பிறகு எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு உன் மகளைப் பார்த்தேன். உரசினால் பொறி பறக்கும் என்று, யாரும் சொல்லாமலே கொலுசைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த வரைபடத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றாள். என் மகன் இத்தனை வருஷத்தில் ஒருநாள் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தக் கண்ணைக் கடவுள் உன் வயிற்றில் பிறந்தவளுக்குக் கொடுத்துவிட்டான். அதற்கும் பொறாமைதான்.

உண்மையைச் சொல்லிவிட்டேன், உடனே மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

சண்முகத்தாய்

~

விருதுநகர்
11.5.2024

அக்காவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை உங்களைத் திட்டினேன்.

அக்கா, குளித்து வந்தவர் எனக்கு விருந்தாளி. இருபத்திரண்டு வருஷமும் விருந்தாளிதான். அவர் கால் கழுவாமல் என் வீட்டில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. கோபித்துச் சோற்றுத் தட்டைத் தள்ளியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காரி என்று எழுதினீர்களே, பாக்கி ஆறு நாளும் உங்களிடம் இருக்கிறது. நான் எரிந்தது அந்த ஆறு நாளுக்குத்தான். ஆஸ்பத்திரியில் அவர் கால் நகத்தில் வெடிக்குப் போடும் வெள்ளி மருந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். இந்த மனுஷனை நான் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது.

வக்கீல் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை எழுதுகிறேன். நிலத்தை வெட்டக்கூடாது. ஐந்து ஏக்கரும் பிரிபடாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் சமபங்கு. கம்பெனியை நடத்துகிறவர் ஒருவர், லாபத்தில் மற்றவருக்குப் பாதி. லைசன்ஸ் உயிலில் எழுதிக் கொடுக்கிற சொத்து இல்லையாம். நடத்துகிறவர் பெயருக்குக் கேட்டு மனுப் போட வேண்டுமாம், அதற்கு மற்றவர் சம்மதக் கடிதம் தயாராக இருக்க வேண்டுமாம். பேங்கில் நாமினி போட்டிருக்கிறோம் என்று சும்மா இருக்கக்கூடாதாம். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தானாம், சொந்தக்காரர் இல்லையாம். அதையும் உயிலில் சொல்ல வேண்டும். சாட்சி இரண்டு பேர், சொத்தில் ஒரு செங்கல்கூட இல்லாதவர்களாக இருப்பது நல்லது. டாக்டர் ஒருவர் சாட்சியாக இருந்தால், புத்தி தெளிவாக இருந்தபோது எழுதினார் என்று பின்னால் யாரும் வம்பு பேச முடியாது. பிறகு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். தன் மூக்கையே அறுத்துக்கொள்ளத் தெரிந்தவர் எண்ணிக் கொடுப்பதில் ஏமாற்றமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை.

நீங்கள் சொன்ன சொல்லையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பாண்டிலட்சுமி, முத்துராமலிங்கம் மகள், கதவு எண், ஆதார் எண். வீடு கிடைக்க அது போதுமாம். போதும் அக்கா.

பாண்டிலட்சுமி

~

எம். புதுப்பட்டி
30.5.2024

பாண்டிலட்சுமிக்கு,

நலம். அவரும் நலம். மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், இங்கே ஒளித்து வைக்கிறார். உன்னிடம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் அவருக்கு.

புது நகல் வந்தது. நடத்துகிறவர் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். விக்னேஷிடம் கேட்டேன். “எனக்குச் சென்னையே போதும்மா, வெடியும் வேணாம் மருந்தும் வேணாம்” என்று சிரித்தான். இரண்டு நாள் அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் இசைவாணி பெயரை எழுதச் சொன்னேன். நான்தான் சொன்னேன், அவர் இல்லை. ஆனால் ஒரு வருஷம் அவள் என் கண் முன்னால் வேலை பழக வேண்டும். அவளைப் பார்த்தால் எனக்கு எரியும், அது என் பாடு.

சொல்லை எடுத்துவிட்டாய் என்று படித்தேன். நல்லது.

ஜூன் 20, வியாழக்கிழமை, சார்பதிவாளர் ஆபீஸ். சாட்சிக்கு டாக்டரும் போர்மேன் சங்கரபாண்டியனும். நீ வரத் தேவையில்லை. ஆனால் அவருக்கு மறுபடி மயக்கம் வந்தால் எந்த மாத்திரையை நாக்கடியில் வைக்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியுமாம். அதனால் வா. நீ வருவதால் நானும் வருவேன். தனி பெஞ்சில் உட்கார். என் காதுபட வாயைத் திறக்காதே, சத்தியம் சத்தியம்தான். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வராதே. அவருக்குப் பச்சை பிடிக்கும்.

சண்முகத்தாய்

~

விருதுநகர்
21.6.2024

அக்காவுக்கு,

வணக்கம். நலமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கூட்டம். நேற்று நீங்கள் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். நடந்ததை நீங்கள் மறந்துவிட்டதாகச் சொல்லக்கூடும். ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

நான் பழுப்பு நிறச் சேலைதான் கட்டியிருந்தேன். நீங்கள் பச்சை கட்டியிருந்தீர்கள்.

பதிவாளர் உயிலைப் படித்துக்கொண்டே வந்தவர் என் பெயரில் நிறுத்தினார். “மத்தவுங்களுக்கெல்லாம் உறவு போட்டிருக்கீக. இந்தப் பாண்டிலட்சுமிங்கிறவுக யாரு? ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று அவரிடம் கேட்டார். அவர் தன் செருப்பைப் பார்த்தார். ஆயிரம் ஞாயிற்றுக்கிழமை என் கையால் சாப்பிட்ட மனுஷர், நாலு பேர் முன்னால் செருப்பைப் பார்த்தார். பதிவாளர் என் பக்கம் திரும்பி, “நீங்களாச்சும் சொல்லுங்கம்மா” என்றார். நீங்கள் இருந்தீர்கள், நான் வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தா சிரித்தார். “தெரிஞ்சவுக போல சார். உறவு எதுவும் இல்ல, அப்படியே விட்டுருவோம்” என்றார். பதிவாளரும் சரியென்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நீங்கள் எழுந்து மேஜைக்கு வந்தீர்கள்.

“அவ பேச மாட்டா சார். எனக்குச் சக்களத்தி” என்றீர்கள்.

“அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. சட்டப்படி அவுக யாருமில்ல.”

“யாருமில்லையா?” என்று கேட்டீர்கள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இவ யாருமில்லேன்னா, இருவத்திரண்டு வருசமா நான் யாரு மேல சார் எரிஞ்சுக்கிட்டு இருக்கேன்? பேனாவ எடுங்க. ரெண்டாவது மனைவின்னு எழுதுங்க.”

பிறகு, உயில் எழுதுகிறவர் எப்படிச் சொன்னாலும் செல்லும் என்று பதிவாளரிடம் சொல்லிவிட்டு, கூட வந்திருந்த வக்கீல் அம்மா வரிக்கு மேலே கையால் எழுதியதும், இவர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதும் உங்களுக்குத் தெரியும். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. இசைவாணி திங்கட்கிழமை வேலை பழக வருவாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சக்களத்தி
பாண்டிலட்சுமி